பவளத்தேரும் பாலர் அரங்கும்

அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாளையம்பட்டி, வானம் பார்த்த பூமியின் நடுவே அமைந்த ஊர். அங்கிருந்து திருச்சுழி வரையிலும், அதற்கு அப்பாலும், கரிசல் நிலமும் மானாவாரிக் காடும் கருவேல மரங்களுமே கண்ணுக்குப் புலப்படும். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கண்மாயின் தரை வெடித்துக் கிடக்கும். இத்தகைய வறண்ட சீமையிலே பிறந்து வளரும் சிறுவன் ஒருவன், கடலைக் கண்ணால் காணாமலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிடக் கூடும்.

எனினும், அச்சிறுவன் கடலைக் காணும் இரவு ஒன்று உண்டு. அறுவடை முடிந்தபின், பங்குனி சித்திரைத் திங்கள்களில், அந்நாட்டுச் சிற்றூர்களில் அம்மன் கோயில்களுக்குப் பொங்கல் விழா நடைபெறும். விழாவின் ஓர் இரவில் நாடகம் வைப்பது வழக்கம். ஊர்ப் பொட்டலில் கொட்டகை எழும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கும். தீட்டிய திரை விலகும். ‘பவளக்கொடி’ நாடகம் நடக்கும் இரவாயின், கரிசல் மண்ணில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சிறுவன் முன்னே கடல் விரியும். கடலின் நடுவே செக்கச் செவேலெனப் பவளக்காடு தோன்றும். அவன் உறக்கத்தை மறந்து வாய் பிளந்து நோக்குவான். அந்த வியப்பின் இயல்பு யாது? அதனை மேடையில் ஆக்கித் தந்த இளஞ்சிறுவர் யாவர்? அவர்கள் அதற்குக் கொடுத்த விலை என்ன? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

உள்ளத்தில் எழும் உணர்வுகள் உடலிலே வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்பர். அவர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டு. நகை, அழுகை, வெகுளி முதலியவற்றோடு மருட்கை என்பதனையும் அவர் வைத்துள்ளார். மருட்கை என்பது வியப்பு. அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது அவர் கருத்து. இதுகாறும் காணாத புதிய பொருளைக் காணும்போது பிறக்கும். அளவிறந்து பெரிய பொருளைக் காணும்போது பிறக்கும். மிக நுண்ணிய பொருளைக் காணும்போது பிறக்கும். ஒன்று மற்றொன்றாக மாறுதலைக் காணும்போதும் பிறக்கும். மாயக்கதைகள் யாவும் இந்நான்கினையும் கொண்டே புனையப்பட்டுள்ளன என்பது எண்ணிப் பார்ப்பார்க்கு விளங்கும்.

பவளக்கொடியின் கதையையே எடுத்துக்கொள்வோம். மதுரையை ஆண்ட அரசி அல்லி. அவள் கணவன் அருச்சுனன். அவர்தம் மகன் புலந்திரன். இது வியாசர் பாரதத்தில் இல்லாத கதை. நம் தமிழ்நாட்டு மக்கள் தாமே படைத்துக்கொண்ட நாட்டுக்கதை. புலந்திரன் விளையாடுவதற்குத் தேர் ஒன்று விரும்பினான். மரத்தேர் வேண்டா, பொற்றேரும் வேண்டா, பவளத்தேரே வேண்டும் என்று அடம் பிடித்து அழுதான். மகன் அழுகையைப் பொறாத தந்தை பவளம் தேடிக் கடல் கடந்தான். அங்கே பவளக்காட்டுக்குத் தலைவியாகிய பவளக்கொடியைக் கண்டான். பின்னர் விளைந்த இடர்களையும் பிணக்குகளையும் கண்ணபிரான் துணையால் அவன் கடந்தான். சொல்வோர் வாய்க்கேற்பவும் நடிப்போர் மரபுக்கேற்பவும் இக்கதையில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆயினும், குழந்தை ஒன்றின் விளையாட்டு விருப்பமே கதை முழுவதையும் இயக்குகின்றது என்பதில் வேறுபாடு இல்லை.

இக்கதையில் பவளக்காடு புதுமை, கடல் பெருமை, ஒரு சிறு விளையாட்டுப் பொருள், வில்லிற் சிறந்த வீரன் ஒருவனை அலைகடலில் அலைய வைப்பது சிறுமையினால் வரும் வியப்பு. எஞ்சிய நான்காவது வியப்பு எங்கே உளது? அது கதையில் மட்டும் இல்லை, மேடையில் உளது. நம் தெருவில் நேற்று மாடு மேய்த்த சிறுவன், இன்று முடி சூடி அரசனாக வந்து நிற்கின்றானே, அதுவே ஒன்று மற்றொன்றாக மாறுதல். எனவே, மாயக்கதையை இளஞ்சிறுவர் நடிக்கும்போது மருட்கையின் நான்கு வாயில்களும் ஒருங்கே திறந்துவிடுகின்றன.

‘இவையெல்லாம் பொய்க்கதைகள் அன்றோ? இவற்றால் மாணவர்க்குப் பயன் என்ன?’ என்று வினவுவார் உளர். அவர்க்கு இரண்டு விடைகள் கூறலாம். பாளையம்பட்டியிலிருந்து தெற்கே ஒரு நாள் நடைக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் மன்னார் வளைகுடா இருக்கின்றது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அக்கடலில் சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சூழப் பவளப்பாறைகள் நீருக்கடியில் காடுபோலக் கிளைத்துள்ளன. நுண்ணிய உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, ஆண்டுக்குச் சிறிதளவே வளர்ந்து, அப்பாறைகளைக் கட்டியுள்ளன. நகைகளில் பதிக்கும் செம்பவளம் வேறு வகையினது. எனினும் கடலுக்கடியில் காடு உண்டு என்னும் செய்தி பொய்யன்று. கதை கேட்டு வியந்த சிறுவன் வளர்ந்தபின் அவ்வுயிர்களைப் பற்றி நூலில் படிக்கும்போது, முன்பே அறிந்த நண்பனைச் சந்திப்பவன்போல் மகிழ்வான். வியப்பே அறிவின் முதற்படி என்பது முதல் விடை.

இரண்டாம் விடை, கதையின் உள்ளீட்டைப் பற்றியது. பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் மேத்தர்லிங்க் என்பவர் ‘நீலப்பறவை’ என்னும் மாயக்கதை நாடகத்தை இயற்றினார். அது 1908 ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. விறகுவெட்டியின் மக்கள் இருவர், இன்பத்தைத் தரும் நீலப்பறவையைத் தேடி எங்கெங்கோ அலைகின்றனர். இறுதியில் தம் வீட்டிலிருந்த புறாவே நீலநிறமாய்த் தோன்றக் கண்டு வியக்கின்றனர். பவளத்தேர் வேண்டிய பிள்ளையும் நீலப்பறவையைத் தேடிய பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இரு கதைகளும் ஒரு வினாவையே எழுப்புகின்றன: ‘நாம் வேண்டுவது எது? அதன்பொருட்டு யார் எவ்வளவு வருந்துகின்றனர்?’ இவ்வினாவை அறிவுரையாகக் கூறின் சிறுவர் செவி கொடார். கதையாக நடிப்பின் தாமே உணர்வர்.

இனி, இத்தகைய கதைகளைச் சிறுவர்க்குரிய நாடகங்களாக ஆக்கி வளர்த்த பெரியாரைப் பற்றிக் கூறுவோம். அவர் தவத்திரு சங்கரதாசு சுவாமிகள். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டில் பிறந்தார். பழனி தண்டாயுதபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். இளமையில் உப்பளக் கணக்கராகப் பணிபுரிந்து, பின்னர் நாடகத்துறையிற் புகுந்தார். எமன், இராவணன், சனீசுவரன் போன்ற அச்சந்தரும் வேடங்களில் அவர் சிறந்து விளங்கினார். பிற்காலத்தில் வேடம் புனைவதை விடுத்து, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் கருத்தைச் செலுத்தினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி, பிரகலாதன் முதலாக அவர் இயற்றியவை நாற்பதுக்கு மேற்பட்டவை என்பர்.

அக்காலத்து முதிய நடிகர் சிலர், ஆசிரியர் எழுதிய உரையை விடுத்துத் தம் மனம் போனவாறு பேசினர். மேடையிலேயே ஒருவரோடு ஒருவர் வாதிட்டு வெல்ல முயன்றனர். ஒழுங்கின்றி நாடகம் நிலைக்காது எனச் சுவாமிகள் உணர்ந்தார். ஆகவே, இளஞ்சிறுவரைச் சேர்த்துப் பயிற்றும் பாலர் சபைகளில் ஈடுபட்டார். 1918 ஆம் ஆண்டில் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ அவரை ஆசிரியராகக் கொண்டு தோன்றியது. பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ் பெற்ற தி. க. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் அதிற் சேர்ந்தனர். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு. சண்முகம் நடித்தற்பொருட்டுச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதனைச் சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறித்துள்ளார்.

இளமையிலேயே கலை பயிற்றுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவள் ஆடிய அரங்கின் நீளம், அகலம், உயரம், திரைகளின் வகை ஆகியவற்றை எல்லாம் இளங்கோவடிகள் அளவிட்டுக் கூறியுள்ளார். கலையில் ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அது சான்று.

பாலர் சபைகளில் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? சிறுவர் அனைவரும் ‘கம்பெனி வீடு’ எனப்படும் ஓரிடத்தில் ஒன்றாகத் தங்குவர், ஒன்றாக உண்பர். பகலில் பாடமும் பாட்டும் நடைபெறும். இரவில் நாடகம் தொடங்கிப் பின்னிரவு வரை நடக்கும். ஓர் ஊரில் சில திங்கள் தங்கியபின், திரைகளையும் உடைப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வர். அரசன் முதலிய தலைமை வேடம் பூணுபவனுக்கு ராஜபார்ட் என்றும், பெண் வேடம் பூணும் சிறுவனுக்கு ஸ்திரீபார்ட் என்றும், நகைச்சுவை செய்பவனுக்கு பபூன் என்றும் பெயர். நாடகம் கற்பிக்கும் ஆசிரியரை ‘வாத்தியார்’ என்றே அழைத்தனர்.

அவ்வாசிரியர்கள் முதலில் பயிற்றியது நாவினை. லகர ளகர ழகரங்கள் பிறழாமல் ஒலித்தல், சீர் பிரித்துப் பாடுதல், கொட்டகையின் கடைசி வரிசையில் இருக்கும் மூதாட்டிக்கும் கேட்கும்படி குரல் எடுத்தல் ஆகியவற்றில் சிறுவர் தேர்ந்தனர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் பதித்தனர். தம் முறை வரும்வரை பொறுத்திருத்தலும், உடன் நடிப்பவன் தவறினால் அவனைக் காத்தலும் கற்றனர். எழுத்தறியாத மக்கள் பலர்க்கு அச்சிறுவர் வாய்ச்சொல்லே தமிழிலக்கியத்தின் வாயிலாயிற்று. சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் பக்கவாத நோயால் பேச்சிழந்தார். 1922 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறைந்தார். பேச இயலாத ஆசிரியரின் சொற்களை அவர் மாணவர் மேடைதோறும் பேசினர். ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் பெரிய பேறு வேறு இல்லை.

இதுகாறும் பாலர் சபையின் ஒளிப்பக்கத்தைக் கண்டோம். அதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையை விரும்புவோர் இரண்டையும் காணல் வேண்டும்.

அச்சிறுவருள் பலர் கலை விருப்பால் மட்டும் சபைகளிற் சேர்ந்தவர் அல்லர்; பசியாற் சேர்ந்தவர். வீட்டில் உணவில்லை, சபையில் உணவு உண்டு. பெற்றோர் கண்ணீரோடு பிள்ளையை அனுப்பி வைத்தனர். பிள்ளை பள்ளியை இழந்தான். பயிற்சியில் பிழை செய்தால் அடியும் உண்டு. இரவெல்லாம் விழித்து நடித்த பிள்ளைக்குத் தாயின் மடி இல்லை.

அதனினும் கொடியது ஒன்று இருந்தது. பதினான்கு பதினைந்து வயது ஆகும்போது சிறுவர் குரல் உடையும். நாடகக்காரர் அதனை ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை குயில்போல் பாடிக் கைதட்டல் பெற்றவன், இன்று பாட வாய் திறந்தால் குரல் பிளவுபடும். குரலையே நம்பிச் சபைக்கு வந்தவனுக்கு அது பேரிடி. கல்வியும் இல்லை, கைத்தொழிலும் இல்லை, பாட்டும் போயிற்று. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா இவ்வாறு குரல் உடைந்து சபையை விட்டவர். அவர் மனந்தளராது சிலம்பமும் உடற்பயிற்சியும் இசையும் பயின்று, மீண்டும் எழுந்து, திரைப்படத்தில் பெரும்புகழ் பெற்றார். ஆனால் எல்லாரும் சின்னப்பா ஆகவில்லை. பெயர் அறியப்படாமல் மறைந்த சிறுவர் பலர். அவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இதனோடு அருப்புக்கோட்டைக்குத் தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. 1917 ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவன், வறுமையால் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தமையனுடன் ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’யிற் சேர்ந்தான். அச்சிறுவனே எம். ஜி. இராமச்சந்திரன். அவர் 1977 ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றுத் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். பசிக்காகப் பள்ளியை விட்ட அவர், 1982 ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அவர்க்கு முன்பே, அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள விருதுநகரிற் பிறந்தவரும், தாமும் இளமையிலேயே படிப்பை இழந்தவருமான காமராசர், 1956 ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். 2022 ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகட்குக் கல்வி உரிமையாம் எனும் சட்டம் 2010 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உணவுக்காகக் கல்வியை விற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது என்பதே இவை அனைத்தின் கருத்து.

அவ்வாறாயின், பாலர் சபைகள் மறைந்தது நன்றே எனக் கூறி அமைந்துவிடலாமா? ஆகாது. அச்சிறுவர் இழந்த கல்வி நமக்குக் கிடைத்துள்ளது. அவர்கள் பெற்ற கலையை நாம் இழத்தல் முறையன்று. திருந்திய நாவும், நினைவாற்றலும், பலரோடு கூடி ஒன்றைச் செய்து முடிக்கும் பண்பும் தேர்வுத்தாளில் அளக்க முடியாத செல்வங்கள். இரண்டையும் ஒருங்கே பெறும் வழி உண்டு. வங்கக் கவி தாகூர் சாந்திநிகேதனத்தில் அதனைக் காட்டினார். தம் பள்ளி மாணவர் நடிப்பதற்கென்றே அவர் 1908 ஆம் ஆண்டில் ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தை எழுதினார். அங்கே பிள்ளைகள் நடிப்பதற்காகப் பள்ளியை விட்டுச் செல்லவில்லை, பள்ளியே அரங்காயிற்று.

நம் பள்ளியிலும் இது முடியும். பெரும்பொருள் வேண்டுவதில்லை. பவளக்கொடி நாடகத்தையே சிறுவர்க்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம். காதற்காட்சிகளை விடுத்து, மகனின் விருப்பம், தந்தையின் கடற்செலவு, தாயின் காத்திருப்பு ஆகிய மூன்றனை மட்டும் வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் நடித்துவிடலாம். தறியோசை கேட்கும் ஊரில் துணிக்குக் குறைவில்லை. நீலச்சேலை ஒன்றை இருபுறமும் இருவர் பிடித்து மெல்ல அசைத்தால் கடல் உண்டாகும். கருவேலங்கிளைக்குச் செங்காவி பூசினால் பவளக்காடு தோன்றும். அட்டையில் தேர் செய்யலாம். அக்காலத்தில் சிறுவரே பெண் வேடமும் பூண்டனர். இக்காலத்தில் அல்லியாகவும் பவளக்கொடியாகவும் மாணவியரே நடிக்கலாம். நன்றாகப் பாடுபவர் சிலரே ஆயினும் அனைவர்க்கும் பணி உண்டு. திரை இழுப்பவன் ஒருவன் தவறினாலும் அரசன் மானம் போகும் என்பதனை மேடை கற்பிக்கும்.

குரல் உடையும் பருவத்து மாணவனும் அஞ்ச வேண்டுவதில்லை. அவனுக்குப் பாட்டில்லாத வேடத்தைக் கொடுக்கலாம். அல்லது நாடகத்தை எழுதும் பணியைக் கொடுக்கலாம். பழைய சபையில் அவனுக்கு வாயில் அடைபட்டது. பள்ளி அரங்கில் அவனுக்குப் பல வாயில்கள் திறந்திருக்கும். இதுவே அன்றைய சபைக்கும் இன்றைய பள்ளிக்கும் உள்ள வேறுபாடு.

மாணவர்களே! புலந்திரன் பவளத்தேர் கேட்டான். அதற்காக அவன் தந்தை கடலில் அலைந்தார். பண்டைய பாலர் சபையினர் மேடையில் அத்தேரை நமக்குக் காட்டினர். அதற்காக அவர்கள் தம் இளமையையே விலையாகக் கொடுத்தனர். இன்று அத்தேர் விலையின்றி நம் பள்ளி வாயிலில் நிற்கின்றது. அடுத்த ஆண்டு விழாவில் நீங்களும் அதனை வடம் பிடித்து இழுங்கள். பகலில் பாடம் படித்து, மாலையில் நடிப்புப் பயின்று, இரவில் தாய் இட்ட உணவை உண்டு, தம் வீட்டிலேயே உறங்கும் பிள்ளைகள் இழுக்கும் தேரே உண்மையான பவளத்தேர் ஆகும்.